ஒரு சாண் கம்பியும் ஓமின் விதியும்

இலத்திரனியல் சிகரெட்டின் தீமைகள் குறித்தும் அதனைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் குறித்தும் பத்திரிகைகளில் அவ்வப்போது எழுதப்பட்டு வருகின்றது. ஆனால், அக்கருவியின் உள்ளே கனன்று திரவத்தை ஆவியாக்கும் கம்பிச் சுருளைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. விரல் நுனியளவேயான அந்தச் சுருளைக் கடையில் வாங்காமல் தமது கையாலேயே சுற்றிப் பொருத்திக்கொள்ளும் பழக்கம், 2010 ஆம் ஆண்டுக்குப் பின்னரான சில ஆண்டுகளில் அமெரிக்கா, பிரித்தானியா, மலேசியா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் ஒரு கைவினை போலவே வளர்ந்தது. புலம்பெயர்ந்து வாழும் எமது இளைஞர்களிடையேயும் இதனை அறிந்தோர் உள்ளனர். கற்க விரும்புவோருக்குக் காணொளிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் பல விரல்களின் லாவகத்தை விரிவாகக் காட்டுகின்றன. அந்த லாவகத்துக்கு முன்னர் காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கை ஓரிரு வாக்கியங்களில் கடந்துவிடுகின்றன. எமது பார்வையில் இந்த வரிசை தலைகீழானது. சுருள் சுற்றுவதில் கை வேலை கால் பங்கு. கணக்கு முக்கால் பங்கு.

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. புகைபிடிக்கும் பழக்கம் இல்லாத ஒருவர், குறிப்பாகப் பாடசாலைப் பருவத்தினர், இக்கருவியைக் கையிலெடுப்பதற்கு நியாயமான காரணம் எதுவுமில்லை. நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் பொருள்; அது புகையில் வந்தாலும் ஆவியில் வந்தாலும் அதன் குணம் மாறுவதில்லை. சட்டமும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 2016 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தன. இந்தியா 2019 இல் தனிச்சட்டம் ஒன்றின் மூலம் இலத்திரனியல் சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடுத்தது. சிங்கப்பூரிலோ 2018 பெப்ரவரி முதல் வைத்திருப்பதே குற்றம். லண்டனில் சட்டபூர்வமாக வாங்கிய பொருளைப் பயணப் பையில் வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் இறங்குபவர் இதனை மனங்கொள்ள வேண்டும். ஆகவே நாம் இங்கு எழுதுவது எவரையும் இப்பழக்கத்துக்கு அழைப்பதற்காக அன்று. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில், சிகரெட்டைக் கைவிடும் முயற்சியில் இக்கருவியை ஏற்கனவே பயன்படுத்துபவரும், தம் பிள்ளையின் மேசையில் கம்பிச் சுருளையும் பஞ்சையும் கண்டு திகைத்து நிற்கும் பெற்றோரும் இவ்விடயத்தை உள்ளபடி அறிந்திருத்தல் வேண்டும் என்பதே எமது நோக்கம்.

புகையின்றிச் சூடான ஆவியை இழுக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்கரான ஹேர்பேர்ட் கில்பேர்ட் 1963 இல் இத்தகைய கருவி ஒன்றுக்குக் காப்புரிமை கோரி 1965 இல் பெற்றார்; ஆனால் அது சந்தைக்கு வரவில்லை. சீனாவைச் சேர்ந்த மருந்தாளர் ஹொன் லிக் 2003 இல் உருவாக்கிய கருவியே இன்றைய வகைகளுக்கு முன்னோடி. அவர் தொடக்கத்தில் மீயொலி அதிர்வைக் கொண்டு திரவத்தைச் சிதறடித்தார். பின்னர் வந்த உற்பத்தியாளர்கள் அதைவிட எளிதான வழியைப் பற்றிக்கொண்டனர். மின்னோட்டம் பாயும்போது சூடேறும் கம்பியே அந்த வழி. எமது வீடுகளிலுள்ள மின்னழுத்தியும் மின்னடுப்பும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. அளவில் மட்டுமே வேறுபாடு.

தொழிற்சாலையில் செய்யப்பட்ட சுருள் சில நாட்களில் அல்லது ஓரிரு வாரங்களில் கரிபிடித்துப் பயனற்றுப்போகும். புதிதாக வாங்க வேண்டும். இந்தச் செலவே கையால் சுற்றும் பழக்கத்துக்கு முதல் தூண்டுதலாக அமைந்தது. சுருளைக் கழற்றி மாற்றக்கூடிய ஆவியாக்கிகள் சந்தைக்கு வந்ததும், சிக்கனத்துக்காகத் தொடங்கியது ஆர்வமாகவும் பின்னர் போட்டியாகவும் மாறியது. தடித்த கம்பியின் மீது மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்யும் ஒரு வகைச் சுருள், கிற்றார் தந்தியை ஒத்திருப்பதால் புகழ்பெற்ற கிற்றார் கலைஞர் எரிக் கிளப்ரனின் பெயரால் 'கிளப்ரன்' என்றே அழைக்கப்படுகின்றது. பார்ப்பதற்கு நகைத் தொழிலாளியின் வேலைப்பாடு போல இருக்கும். ஆனால் தொடங்குபவர் அதன் பக்கம் போகத் தேவையில்லை. ஒற்றைக் கம்பியில் ஒற்றைச் சுருள் போதும்.

இனிக் கணக்குக்கு வருவோம். க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானம் கற்ற எவருக்கும் ஓமின் விதி நினைவிருக்கும். ஜேர்மனியரான கியோர்க் சைமன் ஓம் 1827 இல் வெளியிட்டது அது. அழுத்த வித்தியாசத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். மின்னோட்டத்தை அழுத்த வித்தியாசத்தால் பெருக்கினால் வலு கிடைக்கும். பரீட்சையோடு மறந்துபோன இந்த இரண்டு வரிகளே இங்கு உயிர்காக்கும் வரிகள்.

முழுமையாக மின்னேற்றப்பட்ட இலிதியம் அயன் மின்கலம் ஒன்று 4.2 வோல்ற்றைத் தரும். சுருளின் தடை 0.8 ஓம் எனில், பாயும் மின்னோட்டம் 5.25 அம்பியர், வலு ஏறத்தாழ 22 வாற்று. இது அடக்கமான, பாதுகாப்பான எல்லை. அதே தடையுள்ள இரண்டு சுருள்களைச் சமாந்தரமாகப் பொருத்தினால் மொத்தத் தடை இரு மடங்காகும் எனப் பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது பாதியாகின்றது. 0.4 ஓம் ஆகும்போது மின்னோட்டம் 10.5 அம்பியராக உயர்கின்றது. தடை 0.1 ஓம் வரை இறங்கினால் 42 அம்பியர். சந்தையிலுள்ள நல்ல தரமான 18650 வகை மின்கலங்களில் பல, தொடர்ச்சியாக 15 முதல் 20 அம்பியர் வரை தாங்குமாறே செய்யப்பட்டவை. அதிகம் தாங்குபவையும் 30 அல்லது 35 அம்பியருடன் நின்றுவிடுகின்றன. 42 அம்பியரைக் கேட்டால் அம்மின்கலம் தர மறுப்பதில்லை. அதுதான் ஆபத்து. தன்னைத்தானே சூடேற்றிக்கொண்டு கொடுக்கும்; ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளே தொடங்கும் இரசாயனத் தாக்கம் வெளியிலிருந்து நிறுத்த முடியாத ஒன்றாகிவிடும்.

18650 என்ற எண்ணுக்கு 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், உருளை வடிவம் என்பது பொருள். மடிகணினிகளின் மின்கலத் தொகுதிகளிலும் மின்துளைகருவிகளிலும் இருப்பது இதே வகைதான். அங்கே ஒவ்வொரு தொகுதியிலும் பாதுகாப்புச் சுற்று ஒன்று உள்ளது. தனியாகக் கழற்றிய கலத்தில் அது இல்லை. இக்காரணத்தால், இவற்றைத் தனிக்கலங்களாக இக்கருவிகளில் இட வேண்டாம் என்று அவற்றைச் செய்யும் பெரிய நிறுவனங்களே எச்சரித்துள்ளன. அமெரிக்காவின் நுகர்வோர் பொருட்கள் பாதுகாப்பு ஆணைக்குழுவும் 2021 ஜனவரியில் இதே எச்சரிக்கையை விடுத்தது. எனினும் பயன்பாடு தொடர்கின்றது. அந்நிலையில் குறைந்தபட்சம் செய்யக்கூடியது, கலத்தின் உறையில் அச்சிடப்பட்டுள்ள எண்ணை நம்பாமல் உற்பத்தியாளர் வெளியிட்ட தரவுத்தாளை நம்புவதாகும். மலிவு விலையில் விற்கப்படும் சில கலங்களின் உறையில் 9900 மில்லி அம்பியர் மணி என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். நற்பெயர் பெற்ற நிறுவனங்களின் கலங்கள் பெரும்பாலும் 3500 ஐ அண்டியே நின்றுவிடும்போது, பெயர் தெரியாத உறைக்குள் மும்மடங்கு எப்படி அடங்கும்? அது பொய் என்பது வெளிப்படை. கொள்ளளவில் பொய் சொல்பவர் அம்பியரில் மெய் சொல்வார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

கருவிகளிலும் இரு வகை உண்டு என்பதைத் தொடங்குபவர் முதலில் அறிய வேண்டும். ஒரு வகையில் இலத்திரனியல் சுற்று உள்ளது. அது சுருளின் தடையை அளந்து திரையில் காட்டும். தடை மிகக் குறைவாக இருந்தாலோ குறுஞ்சுற்று ஏற்பட்டாலோ மின்னைத் தர மறுக்கும். மற்றையது இயந்திர வகை எனப்படும் வெறும் உலோகக் குழாய். அதில் மின்கலம், அழுத்தி, சுருள் ஆகிய மூன்றுமே உள்ளன; தவறைத் தடுக்க எதுவுமில்லை. பிலிப்பைன்ஸிலும் அமெரிக்காவிலும் அழகாகச் செதுக்கப்பட்ட இத்தகைய குழாய்கள் சேகரிப்புப் பொருட்களாகவே விற்பனையாகின. 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 38 வயதான ஒருவர் கருவி வெடித்து உயிரிழந்த சம்பவத்தில் வெடித்தது இவ்வகைக் குழாயே. 2019 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் 24 வயது இளைஞர் ஒருவரின் கழுத்து நாடியை வெடித்த கருவியின் துண்டு துளைத்தது, அவரும் பிழைக்கவில்லை. இதற்கு முன்னரே, அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017 இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 இறுதி வரை ஊடகங்களில் வெளியான 195 தீ மற்றும் வெடிப்புச் சம்பவங்களைத் தொகுத்திருந்தது. அவற்றில் 133 பேர் காயமடைந்தனர். பெரும்பாலானவை கருவியோ மின்கலமோ சட்டைப்பையில் இருந்தபோது, அல்லது கருவி பயன்படுத்தப்பட்டபோது நிகழ்ந்தவை. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் பொருளில் இது சிறு எண்ணிக்கை என்று வாதிடலாம். முகத்துக்கு நேரே பிடிக்கும் பொருள் என்பதை அவ்வாதம் மறந்துவிடுகின்றது. தொடங்குபவர் இயந்திர வகையைத் தொடாதிருப்பதே எமது உறுதியான கருத்து.

இலத்திரனியல் சுற்றுள்ள கருவியிலும் ஒரு நுணுக்கம் இருக்கின்றது. நெடுநாள் பயன்படுத்துவோரும் இதனைத் தவறவிடுவதுண்டு. அங்கே மின்கலத்திலிருந்து எடுக்கப்படும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது சுருளின் தடையன்று. திரையில் நாம் தெரிவுசெய்யும் வாற்று. 60 வாற்றுக்கு அமைத்தால், மின்கலம் தளர்ந்து 3.2 வோல்ற்றுக்கு இறங்கிய வேளையில், சுற்றின் இழப்பையும் சேர்த்து அது ஏறத்தாழ 20 அம்பியரைக் கொடுக்க நேரிடும். அதாவது, மின் குறையக் குறைய மின்கலத்தின் மீதான சுமை கூடுகின்றது. ஒற்றை மின்கலக் கருவியில் 20 வாற்றை ஒட்டி நின்றுகொள்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

இப்போது கம்பி. அதிகம் பயன்படுவது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கலப்புலோகம். 1931 இல் சுவீடனில் ஹான்ஸ் வொன் கான்ற்சோ தொடங்கிய நிறுவனத்தின் பெயரால் இதனைக் 'காந்தல்' என்பர். எமது மொழியில் காந்தல் என்றால் தீய்ந்துபோனது என்று பொருள். பெயர்ப் பொருத்தம் தற்செயலானதே, ஆயினும் கவனமற்றவருக்கு நல்ல நினைவூட்டல். இக்கம்பியைச் சூடாக்கும்போது அதிலுள்ள அலுமினியம் ஒட்சியேற்றமடைந்து மேற்பரப்பில் மெல்லிய காவலிப் படலமாகப் படிகின்றது. ஒன்றையொன்று தொட்டிருக்கும் சுற்றுகளுக்கிடையே மின் குறுக்கே பாயாமல் இருப்பதற்கு இப்படலமே காரணம். அடுத்தது நிக்கலும் குரோமியமும் 80க்கு 20 வீதத்தில் கலந்த நிக்ரோம். அது விரைவில் சூடேறும். ஆனால் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள், அதாவது மலிவான தோடு அணிந்தால் காது புண்ணாகின்றவர்கள், அதனைத் தவிர்க்க வேண்டும். துருப்பிடிக்காத உருக்கும் உண்டு. தைத்தேனியம், தூய நிக்கல் ஆகியன வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்குரியவை. அவற்றைச் சிவக்கச் சூடாக்கவே கூடாது என்பதால் புதியவருக்கு அவை பொருந்தா.

கம்பியின் தடிப்பைக் குறிக்கும் இலக்கத்தில் எமது நாட்டவர் ஏமாற இடமுண்டு. மோட்டார் சுற்றும் கடைகளில் வழங்கும் பிரித்தானிய அளவீட்டில் 26 ஆம் இலக்கக் கம்பி 0.457 மில்லிமீற்றர். இத்துறையில் வழங்கும் அமெரிக்க அளவீட்டில் அதே இலக்கம் 0.405 மில்லிமீற்றர். இலக்கம் கூடினால் கம்பி மெலியும் என்பது இரண்டுக்கும் பொது. இலக்கத்தை விட்டு மில்லிமீற்றரைப் பார்ப்பதே உசிதம். இன்னொன்று, மோட்டாருக்குச் சுற்றும் செப்புக் கம்பி அரக்குப் பூசப்பட்டது. தடையும் மிகக் குறைவு. அதனை இவ்வேலைக்கு ஒருபோதும் எடுக்கலாகாது.

0.405 மில்லிமீற்றர் காந்தல் கம்பியில் மீற்றருக்கு ஏறத்தாழ 11.3 ஓம் தடை உண்டு. 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள கோலில் ஒரு சுற்றுக்கு 10.7 மில்லிமீற்றர் கம்பி செல்லும். ஆறு சுற்றுகளுக்கு 64 மில்லிமீற்றர். இரு கால்களுக்குமாக 7 மில்லிமீற்றரைக் கூட்டினால் 71. தடை 0.8 ஓம். நாம் மேலே எடுத்துக்கொண்ட எண் இதுவே. அதே அளவில் நிக்ரோம் கம்பியைச் சுற்றினால் தடை ஏறத்தாழ 0.6 ஓமாகவும், 316 வகை உருக்கில் 0.4 ஓமாகவும் குறைந்துவிடும். கம்பியின் பெயரை மாற்றிவிட்டுச் சுற்று எண்ணிக்கையை மாற்றாதவர் தம்மை அறியாமலே மின்னோட்டத்தை இரட்டிப்பாக்குகின்றார்.

கை வேலை இதன் பின்னரே தொடங்குகின்றது. தேவைக்கு 71 மில்லிமீற்றர் போதுமாயினும், பிடித்து இழுப்பதற்கு வசதியாக ஒரு சாண் நீளக் கம்பியை வெட்டிக்கொள்ள வேண்டும். 3 மில்லிமீற்றர் துளை அலகின் வழுவழுப்பான தண்டுப் பகுதியே கோலாகப் பயன்படும். கம்பியின் ஒரு முனையைப் பெருவிரலால் கோலோடு அழுத்திப் பிடித்து, மறு முனையை விறைப்பாக இழுத்தபடி, சுற்றுகள் ஒன்றையொன்று தொடுமாறு ஆறு முறை சுற்ற வேண்டும். முதல் சில தடவைகள் சுற்றுகள் ஏறி இறங்கும். கழித்துவிட்டு மீண்டும் சுற்றலாம். கோலைக் கழற்றாமலே இரு கால்களையும் ஆவியாக்கியின் தூண்களிலுள்ள துளைகளில் நுழைத்துத் திருகாணிகளை முறுக்க வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் கம்பி அறுந்துபோகும். தளர விட்டால் தடை நிலையின்றித் துள்ளும். எஞ்சிய நுனிகளைத் திருகாணியோடு ஒட்ட வெட்டிவிடுவது முக்கியம். நீட்டிக்கொண்டிருக்கும் நுனி உலோக மூடியைத் தொட்டால் அதுவே குறுஞ்சுற்று.

வெட்டி முடித்ததும் தடையை அளக்க வேண்டும். சாதாரணப் பல்மானி ஓம் ஒன்றுக்குக் குறைந்த தடையைச் சரியாகக் காட்டாது. அதன் வயர்களின் தடையே பத்தில் சில ஓம்களாக இருக்கும். இதற்கென விற்கப்படும் ஓம்மானியோ இலத்திரனியல் கருவியின் திரையோ நம்பகமானது. காகிதத்தில் 0.8 வந்து திரையில் 0.75 முதல் 0.85 வரை காட்டினால் சரி. 0.4 என்று காட்டினால் எங்கோ பிழை. அழுத்தியைத் தொடுமுன் அதனைக் கண்டறிய வேண்டும்.

பின்னர், பஞ்சு இல்லாத நிலையில், 10 வாற்று அளவில் ஒவ்வொரு வினாடியாக விட்டுவிட்டு அழுத்த, சுருள் மங்கலாகச் சிவக்கும். நடுவிலிருந்து இரு புறமும் சீராகச் சிவந்தால் நல்ல சுருள். ஒரு மூலை மட்டும் பளிச்சென்று எரிந்தால், மின் விட்ட பின் பீங்கான் முனையுள்ள சாவணத்தால் சுற்றுகளை மெல்ல வருடி நெருக்கிவிட வேண்டும். உலோகச் சாவணத்தால் மின் பாயும்போது தொடுவது தவறு. இச்சிவக்கச் செய்தல் இலேசாகவும் குறைவாகவும் இருத்தல் நன்று. இத்துறை ஆய்வாளரான கிரேக்க இருதய மருத்துவர் பார்சலினோஸ், சுருளைச் செஞ்சூடாக்குவது உலோகத்தின் மேற்பரப்பை மாற்றி உலோகத் துணிக்கைகள் ஆவியில் கலக்க வழிவகுக்கலாம் என 2015 இல் எச்சரித்தபோது, சுருள் சுற்றுவோர் அவர்மீது பெரிதும் சினந்தனர். ஆனால், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பயனாளர்களின் கருவிகளைச் சோதித்து 2018 இல் வெளியிட்ட ஆய்வு, போத்தலிலிருந்த திரவத்தைவிட, சுருளைத் தொட்ட பின் எழும் ஆவியில் ஈயம், குரோமியம், நிக்கல் முதலியன கூடியிருப்பதைக் காட்டியது. சுருளே அவற்றின் மூலம் என்பது அவர்களது முடிவு. கையால் சுற்றிய சுருள் இதற்கு விலக்கன்று. சினத்தைவிட ஆய்வுக்கே நாம் காது கொடுக்க வேண்டியுள்ளது.

பஞ்சைப் பொருத்துவது சொல்லிக் கொடுக்கக் கடினமான பகுதி. வெளிறச் செய்யாத தூய பருத்திப் பஞ்சைத் திரியாக்கிச் சுருளுக்குள் இழுக்கும்போது, சிறிதளவு தடுத்து வழுக்கிச் செல்ல வேண்டும். சுருளையே இழுத்துக்கொண்டு வந்தால் பஞ்சு அதிகம். தடையின்றி ஓடினால் குறைவு. அதிகமானால் திரவம் ஊறி ஏறாது, குறைவானால் ஒழுகும். இதன் முக்கியத்துவம் சுவையோடு நின்றுவிடுவதில்லை. சோற்றுப் பானையில் நீர் உள்ளவரை அடிப்பிடிப்பதில்லை. நீர் ஆவியாகும் வெப்பநிலையை விட்டுப் பானை மேலேறுவதில்லை. சுருளும் அப்படியே. திரவத்திலுள்ள புரொப்பிலீன் கிளைக்கோல் 188 பாகையிலும் கிளிசரின் 290 பாகையிலும் கொதிக்கின்றன. திரி நனைந்திருக்கும் வரை சுருளின் வெப்பம் அந்த எல்லைகளை அண்டியே நிற்கும். திரி உலர்ந்த கணத்தில் அது பல நூறு பாகை ஏறி, பஞ்சைத் தீய்த்து, எஞ்சிய திரவத்தைச் சிதைத்துப் போமல்டிஹைட் போன்ற நச்சுப் பொருட்களை உண்டாக்குகின்றது. 2015 இல் அமெரிக்காவின் போட்லன்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயர் அழுத்த வித்தியாசத்தில் இப்பொருள் பெருமளவில் தோன்றுவதாக எழுதியபோது, மனிதர் எவரும் இழுக்க முடியாத உலர்ந்த நிலையில் செய்யப்பட்ட சோதனை அது என்ற மறுப்பும் எழுந்தது. மறுப்பிலும் உண்மை உண்டு. தீய்ந்த வாடை தொண்டையை உடனே சுடும். ஆனால் பாதி உலர்ந்த திரியோடு தயங்கித் தயங்கி இழுப்பவர்கள் இல்லாமலில்லை. வாடை வந்தால் நிறுத்தி, பஞ்சை மாற்றி, வாற்றைக் குறைப்பதே முறை. புதிய பஞ்சைத் திரவத்தால் முற்றாக நனைத்துச் சில நிமிடங்கள் விட்ட பின்னரே அழுத்தியைத் தொட வேண்டும்.

திரவப் போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை. நிக்கொட்டின் சிறு குழந்தைக்கு மிகக் குறைந்த அளவிலும் ஆபத்தானது. பிரித்தானியாவில் 2016 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் நிக்கொட்டின் போத்தலை 10 மில்லிலீற்றருக்கும், செறிவை மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கும் மட்டுப்படுத்தியதற்கு இதுவும் காரணம். சுருள் சுற்றும் மேசையில் போத்தல் திறந்து கிடக்கலாகாது.

மின்கலத்தைக் கையாளுவதில் வீட்டார் அனைவரும் அறியக்கூடிய ஒன்று உள்ளது. 18650 கலத்தின் மேல் நுனி மட்டுமே நேர் முனை. பக்கச் சுவர் முழுவதும் எதிர் முனை. இரண்டையும் பிரித்து நிற்பது கடதாசித் தடிப்பேயான பிளாஸ்ரிக் உறை. உறை கிழிந்த கலத்தைச் சட்டைப்பையில் சாவிக்கொத்தோடும் சில்லறைக் காசோடும் போட்டால், குறுஞ்சுற்று ஏற்பட வேறெதுவும் தேவையில்லை. மேற்சொன்ன அமெரிக்க அறிக்கையில் சட்டைப்பைச் சம்பவங்கள் அவ்வளவு இடம்பிடித்ததன் பின்னணியில் இதுவும் உண்டு. சிறு பிளாஸ்ரிக் பெட்டியில் இட்டுக் கொண்டு செல்வதற்கு ஆகும் செலவு அற்பமானது. கிழிந்த உறையை மாற்றலாம். நசுங்கிய கலத்தை மாற்ற முடியாது, கழித்துவிட வேண்டும். கழிக்கும்போது இரு முனைகளிலும் நாடா ஒட்டி, வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் மின்கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

இக்கைவினையின் பொற்காலம் கடந்துவிட்டது என்றே கூற வேண்டும். அமெரிக்காவில் 2016 இல் நடைமுறைக்கு வந்த விதிகள், வாடிக்கையாளருக்காகச் சுருள் சுற்றிக் கொடுக்கும் கடையையும் உற்பத்தியாளராகவே கணித்தன. கடைக்காரர் கையால் கற்றுக்கொள்ளும் வழக்கம் அதனால் குன்றியது. பின்னர் சிறு பெட்டிக் கருவிகளும் ஒருமுறை பாவித்து எறியும் கருவிகளும் வந்து, சுருள் என்ற ஒன்று உள்ளே இருப்பதையே அறியாத தலைமுறையை உருவாக்கின. பிரித்தானியா 2025 ஜூன் முதலாம் திகதி முதல் எறியும் வகையின் விற்பனையைத் தடைசெய்துள்ளதால், மீள நிரப்பும் கருவிகளை நாடுவோரில் சிலர் மீண்டும் கம்பியைக் கையிலெடுக்கக்கூடும். அவர்களுக்கு இக்கணக்கு தேவைப்படும்.

சுற்றிய சுருள் எத்தனை நாள் உழைக்கும் என்பது திரவத்தைப் பொறுத்தது. இனிப்பூட்டி கலந்த திரவம் ஓரிரு நாளிலேயே கம்பியில் கருகிய கோதாகப் படியும். பஞ்சை மாற்றுகையில் சுருளைக் குறைந்த வாற்றில் இலேசாகச் சூடாக்கி, ஆறிய பின் நீரில் அலசி, மென் தூரிகையால் துடைக்கலாம். இவ்வாறு மூன்று நான்கு தடவைக்கு மேல் செய்வதைவிடப் புதிதாகச் சுற்றுவதே மேல். ஒவ்வொரு முறையும் திருகாணிகளை இறுக்கிப் பார்த்துத் தடையை மீண்டும் அளக்க வேண்டும்; முதல் நாள் எண்ணிலிருந்து அது விலகியிருந்தால் சுருளைக் கழற்றிவிடலாம். பத்து மீற்றர் கம்பியில் ஒரு சாண் வீதம் வெட்டினால் நாற்பதுக்கும் மேற்பட்ட சுருள்கள் கிடைக்கின்றன. பழையதைக் காப்பாற்றி வைக்கக் காரணமில்லை.